குற்றவாளியும் அவரே, பாதிக்கப்பட்டவரும் அவரே: ட்ரூ க்ரைம் தொடர்களில் மைக் யாருக்கு?

வருடக்கணக்கில் வதைபட்ட ஒருவர், வதைத்தவரைக் கொல்கிறார், அல்லது கொல்ல வழி செய்கிறார். நீதிமன்றம் அவருக்குத் தண்டனை கொடுக்கிறது. அதன்பின் ஒரு நாள் ஆவணத் தொடர் எடுப்பவர்கள் வந்து, "உங்கள் கதையை நீங்களே சொல்லுங்கள்" என்கிறார்கள். அவர் பேசலாமா, அவர்கள் கேட்கலாமா, நாம் பார்க்கலாமா? நிஜக் குற்றங்களைப் பேசும், 'ட்ரூ க்ரைம்' எனப்படும் இந்த வகைத் தொடர்களைப் பார்ப்பவர்களும் எடுக்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே.

எந்த மாதிரி வழக்கைப் பற்றிப் பேசுகிறோம்?

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஜிப்ஸி ரோஸ் பிளாஞ்சர்ட். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் தாய் டீ டீயுடன் வாழ்ந்தவர். மகளுக்குத் தசைச் சிதைவு நோய், புற்றுநோய் என்று தாய் ஊரை நம்பவைத்தார். நடக்கத் தெரிந்த பெண் சக்கர நாற்காலியில் வளர்ந்தார். வயிற்றில் உணவுக் குழாய் பொருத்தினார்கள், தேவையில்லாத அறுவை சிகிச்சைகள் செய்தார்கள். 2015 ஜூனில் டீ டீ கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் ஜிப்ஸியின் அப்போதைய காதலர் நிக்கோலஸ் கோட்ஜான்; திட்டத்தில் ஜிப்ஸிக்கும் பங்கு. 2016இல் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஜிப்ஸிக்கு 10 ஆண்டு. கோட்ஜானுக்குப் பரோலே இல்லாத ஆயுள்.

தண்டனையில் 85 விழுக்காட்டை முடித்து 2023 டிசம்பர் 28 அன்று ஜிப்ஸி பரோலில் வெளியே வந்தார். எட்டாவது நாள், 2024 ஜனவரி 5 அன்று, சிறையில் அவர் கொடுத்த பேட்டிகளை வைத்து எடுத்த தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கியது. மூன்று இரவுகள், ஆறு மணி நேரம்.

கொலையில் பங்குள்ள ஒருவருக்கு மேடை கொடுப்பதே தப்பில்லையா?

இல்லை. ஏன் இல்லை என்பதற்கு இந்த வழக்கிலேயே பதில் இருக்கிறது. 2007இல் ஒரு குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணால் நடக்க முடியாமல் போக எந்தக் காரணமும் இல்லையே என்று சந்தேகப்பட்டார். சந்தேகத்தைக் கோப்பில் எழுதினார். குழந்தைகள் நலத் துறைக்குச் சொல்லவில்லை. தாய் அதன்பின் அவரிடம் போகவே இல்லை. 2009இல் பெயர் சொல்லாத ஒருவர் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். போலீஸ் வீட்டுக்குப் போய், தாய் சொன்ன விளக்கத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பியது. கதவு இரண்டு முறை தட்டப்பட்டும் திறக்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்ல உயிரோடு இருக்கும் ஒரே சாட்சி, தண்டனை பெற்றவர்தான். தண்டனைக் கைதி என்பதற்காக அவர் வாயை அடைத்தால், அந்த மருத்துவமனையும் காவல் நிலையமும் பதில் சொல்லாமலே தப்பித்துக்கொள்ளும்.

அவருடைய வழக்கறிஞர் சொன்ன ஒரு தகவல் ஆறு மணி நேரத் தொடரைவிடக் கனமானது. தன் கட்சிக்காரர்கள் சிறைக்குப் போனால் பொதுவாக இளைப்பார்கள் என்றார் அவர். விசாரணைக் கைதியாக இருந்த ஒரு வருடத்தில் ஜிப்ஸி 14 பவுண்டு, அதாவது ஆறு கிலோவுக்கு மேல், எடை கூடினார். சிறைச் சாப்பாட்டில் ஒருவர் தேறுகிறார் என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதற்குத் தனி வசனம் வேண்டாம்.

அப்படியானால் சிக்கல் எங்கே?

பேசுபவரிடம் இல்லை. பேச முடியாதவர்களிடம் இருக்கிறது. இந்த வழக்கில் அப்படி இரண்டு பேர்.

ஒருவர் டீ டீ. அவருக்கு 'முன்சாசன் பை ப்ராக்ஸி' என்று பல தொடர்களும் கட்டுரைகளும் முடிந்த முடிவாக எழுதுகின்றன. தன் பராமரிப்பில் இருப்பவருக்கு நோய் இருப்பதாகப் பொய்யாகக் காட்டும், அல்லது நோயை உண்டாக்கும் நடத்தைக்கு 1977இல் பிரிட்டிஷ் மருத்துவர் ராய் மெடோ வைத்த பெயர் அது. உயிரோடு இருந்தபோது டீ டீயை எந்த மனநல மருத்துவரும் பரிசோதித்து அப்படிச் சொன்னதில்லை. "அப்படித்தான் தெரிகிறது" என்பதும் "அப்படித்தான்" என்பதும் வேறு வேறு. மருத்துவக் கோப்புகள் வதையைக் காட்டுகின்றன. நோயின் பெயரைக் காட்டவில்லை. பின்னணிக் குரல் எழுதுபவர் இந்த இடைவெளியை விட்டுவைக்க வேண்டும்.

இன்னொருவர் கோட்ஜான். ஆட்டிசம் உள்ளவர் என்பது அவர் தரப்பு வாதத்தின் மையம். ஒரே குற்றம், ஒருவர் வெளியே வந்து இன்ஸ்டாகிராமில் பல லட்சம் பேர் பின்தொடர்ந்த பிரபலம், மற்றவர் சாகும்வரை உள்ளே. தண்டனை வித்தியாசத்துக்குச் சட்டக் காரணங்கள் உண்டு: ஜிப்ஸி அரசுத் தரப்போடு பேரம் பேசி இரண்டாம் நிலைக் கொலையை ஒப்புக்கொண்டார், கோட்ஜான் ஜூரியின் முன் போய் முதல் நிலைக் கொலையில் தண்டனை பெற்றார். ஆனால் ஒருவர் மட்டும் கேமரா முன் உட்காரும்போது, திட்டம் போட்டது யார், ஊக்கியது யார் என்பதில் அவர் சொல்வதே பதிவாகிறது. அந்த இடங்களில் விசாரணையில் பதிவான மறுதரப்பு வாக்குமூலத்தையும் திரையில் வைக்காத தொடரை ஆவணப்படம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பேட்டிக்குப் பணம் கொடுக்கலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி 3.5 தெளிவானது. தண்டனை பெற்றவருக்கோ குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கோ, அந்தக் குற்றம் தொடர்பான பேட்டிக்காக நேரடியாகவும் மறைமுகமாகவும் பணம் தரக்கூடாது. தருவதாக வாக்களிக்கவும் கூடாது. பொதுநலன் என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு.

அமெரிக்காவில் கதை நீளம். நியூயார்க்கில் 1970களில் தொடர் கொலை செய்த ஒருவர் தன் கதையை விற்றுவிடுவார் என்ற பயத்தில் 1977இல், அவருடைய புனைபெயரிலேயே அழைக்கப்படும் 'சன் ஆஃப் சாம்' சட்டம் வந்தது. குற்றவாளிக்கு வர வேண்டிய பணத்தை அரசு பிடித்துவைக்கும். 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று ரத்து செய்தது. நியூயார்க் வேறு வழியில் வந்தது. இப்போதைய சட்டப்படி, தண்டனை பெற்றவருக்கு 10,000 டாலரோ அதற்கு மேலோ தருபவர் மாநிலத்தின் பாதிக்கப்பட்டோர் சேவை அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். அந்த அலுவலகம் பாதிக்கப்பட்ட தரப்புக்குச் சொல்லும். அவர்கள் வழக்குப் போடலாம். பேச்சைத் தடுக்காமல் பணத்தை மட்டும் கேள்விக்குட்படுத்தும் ஏற்பாடு. எங்கள் பார்வையில் இதுவே நியாயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது.

நடைமுறையில் பணம் 'பேட்டிக் கட்டணம்' என்ற பெயரில் வருவது அரிது. குடும்பப் புகைப்படங்களுக்கும் பழைய வீடியோக்களுக்கும் உரிமத் தொகை, ஆலோசகர் சம்பளம், இணைத் தயாரிப்பாளர் பெயர் என்று வேறு சட்டை போட்டு வரும். ஆகவே "பேட்டிக்குப் பணம் தரவில்லை" என்ற அறிவிப்பை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

கையெழுத்து வாங்கிவிட்டால் சம்மதம் ஆகிவிடாதா?

காகிதத்தில் ஆகிவிடும். சைன்டோயா பிரவுன் வழக்கைப் பாருங்கள். டென்னசி மாநிலத்தில் 2004இல், 16 வயதில், பாலியல் நோக்கத்துக்காகத் தன்னைக் கூட்டிப்போன ஆணைச் சுட்டுக்கொன்றார். பெரியவராகக் கருதி விசாரித்து ஆயுள் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் ஆளுநர் பில் ஹாஸ்லம் கருணை வழங்க, ஆகஸ்டில் விடுதலை. 2020இல் நெட்ஃப்ளிக்ஸில் அவரைப் பற்றிய படம் வந்தபோது, தனக்கு அதில் பங்கில்லை, உள்ளே இருந்த காலத்தில் பழைய காட்சிகளை வைத்திருந்த தயாரிப்பாளர் தன் அனுமதியின்றிச் செய்துகொண்ட ஏற்பாடு அது என்று அவரே அறிவித்தார். பதின்வயதில் எடுத்த காட்சி, முப்பதுகளில் அவர் கையை மீறி உலகெங்கும் ஓடியது.

ஒரு கட்டுப்பாட்டாளரின் பிடியிலேயே வளர்ந்தவருக்கு "இல்லை" என்று சொல்லவே பழக்கம் இருக்காது. தயாரிப்பாளர் அன்பாகப் பேசினாலும் அது இன்னொரு அதிகாரக் குரல்தான். அதனால் ஒரே கையெழுத்து போதாது. நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது. முதல் சந்திப்பில் கேமரா கிடையாது; கேட்கப்போகும் விஷயங்களின் பட்டியலை மட்டும் எழுத்தில் கொடுத்து, குறைந்தது இரண்டு வாரம் யோசிக்க விடுங்கள். ஒப்பந்தத்தைத் தயாரிப்பு நிறுவனம் அமர்த்தாத ஒரு வழக்கறிஞர் படித்துச் சொல்லட்டும். அவர் கட்டணத்தை நிறுவனம் ஏற்கலாம், ஆளைத் தேர்வது பேட்டி தருபவர். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், ஒரு நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம். பாலியல் வன்முறை பற்றிய கேள்விகளை அமர்வின் கடைசியில் வைக்காதீர்கள்: பேசி முடித்தவுடன் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் கிளம்ப, அவர் தனியாக அறைக்குத் திரும்புவார். நடுவில் கேட்டு, லேசான விஷயத்தில் முடியுங்கள். முதல் எடிட் தயாரானதும் அவர் பகுதியைக் காட்டி, தவறான தகவலையும் அடையாளம் காட்டிவிடும் விவரங்களையும் நீக்கும் உரிமை கொடுங்கள். கதையின் கோணத்தை மாற்றும் உரிமை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது விளம்பரப் படமாகிவிடும்.

சிறைக்குள் இருப்பவரைப் பேட்டி எடுக்கும்போது என்ன தப்பாகப் போகும்?

தொலைபேசி அழைப்புகள் பதிவாகும், அரசுத் தரப்பு அவற்றைக் கேட்கலாம், வழக்கில் பயன்படுத்தலாம். மேல்முறையீடோ பரோலோ நிலுவையில் இருக்கும்போது "அன்று என்ன நடந்தது" என்று தொலைபேசியில் கேட்பது, அவர் கழுத்துக்கே கயிறு. அமெரிக்கச் சிறைகளில் அழைப்பு பெரும்பாலும் 15 நிமிடத்தில் தானே துண்டிக்கப்படும். அழுதுகொண்டிருக்கும் நடுவில் வெட்டுப்படுவது தொடருக்கு உருக்கமான காட்சி, பேசியவருக்கு இரவு முழுக்க வேதனை. பேட்டிக்குப் பின் உள்ளே மற்ற கைதிகளிடமும் காவலர்களிடமும் என்ன பேச்சு கிளம்பும் என்று முன்பே கேட்டு வையுங்கள். இன்னொன்று: சிறையில் ஆலோசனை சொல்ல ஆள் கிடைப்பது நிச்சயமில்லை. வெளியிலிருந்து ஒரு மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் அந்தப் பேட்டியைத் தள்ளிப்போடுங்கள்.

துன்புறுத்தல் நடந்தது உண்மைதானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

தண்டனை குறைய வேண்டும் என்ற தேவை இருப்பவர் சொல்வதால் நம்பக் கூடாது என்பதும் தவறு, பாதிக்கப்பட்டவர் சொல்வதால் அப்படியே நம்ப வேண்டும் என்பதும் தவறு. குற்றத்துக்கு முன்பே எழுதப்பட்ட காகிதத்தைத் தேடுங்கள். மருத்துவமனைக் கோப்பு, பள்ளிப் பதிவு, குழந்தைகள் நலத் துறைக்கு வந்த புகார், பக்கத்து வீட்டுக்காரர் போலீசை அழைத்த நாள். ஜிப்ஸி வழக்கு இந்த விதத்தில் அபூர்வம்: சந்தேகம் 2007லேயே ஒரு மருத்துவரின் கையெழுத்தில் இருந்தது. பிறந்த தேதியே கோப்புக்குக் கோப்பு மாறியது.

காகிதம் இல்லாத வழக்குகளே அதிகம். அப்போது, குற்றத்துக்கு முன் பேட்டி தருபவர் யாரிடம் சொன்னார், அதைக் கேட்டவர் இப்போது தனியாக அதையே உறுதி செய்கிறாரா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் "அவர் சொல்வதன்படி" என்ற சொல் ஒவ்வொரு முறையும் கூடவே வரட்டும். நினைவில் முன்பின் மாறுவது அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் சாதாரணம். வருடத்தை மாற்றிச் சொன்னார் என்பதற்காகப் பொய் என்று முத்திரை குத்தாதீர்கள். ஆனால் முரண்பாட்டை எடிட்டில் மறைத்துவிடவும் வேண்டாம். அதைத் தூக்கிப் பிடிக்க வேறொரு சேனல் காத்துக்கொண்டிருக்கும்.

இறந்தவரின் குடும்பம்?

அவர்களை 'எதிர்த் தரப்பு' என்று ஒரு பெட்டியில் போடவே முடியாது. இங்கிலாந்தில் சாலி சாலன் 2010இல் கணவரைச் சுத்தியலால் அடித்துக் கொன்றார். 2015இல் அங்கே 'கட்டாயக் கட்டுப்பாடு', அதாவது துணையைத் தொடர்ந்து மிரட்டி அடக்கிவைப்பது, தனிக் குற்றமானது. கணவர் பல பத்தாண்டுகள் அவரை அப்படித்தான் கட்டுப்படுத்தி வைத்தார் என்ற வாதத்துடன் மேல்முறையீடு போனது. 2019 பிப்ரவரியில் கொலைத் தண்டனை ரத்து, ஜூனில் விடுதலை. அவருக்காக முன்னே நின்றவர்கள் இறந்தவரின் மகன்கள்தான். தாயும் தந்தையும் ஒரே வீட்டில். பிள்ளைகள் எந்தத் தரப்பு?

ஆஃப்காம் விதிகளின்படி, பழைய குற்றங்களைப் பற்றி நிகழ்ச்சி எடுப்பவர்கள், இயன்ற வரை, உயிர்பிழைத்தவர்களுக்கும் நெருங்கிய குடும்பத்துக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், விஷயம் ஏற்கெனவே ஊரறிந்தது என்றாலும். சொல்வது வேறு, அனுமதி கேட்பது வேறு. அனுமதி தேவையில்லை, ஆனால் டிரெய்லரைத் தெருவில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை ஒரு சகோதரிக்கு வரக் கூடாது. ஒளிபரப்பு தேதி, எந்தக் காட்சிகள், சடலப் படம் உண்டா இல்லையா, இந்த மூன்றையும் கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.

தொடர் வந்தால் தண்டனை குறைந்துவிடுமா?

கவனம் கிடைக்கும், முடிவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பெற்றோரை 1989இல் சுட்டுக்கொன்ற லைல், எரிக் மெனண்டஸ் சகோதரர்கள், தந்தை தங்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார் என்று விசாரணையிலேயே சொன்னார்கள். 1996இல் இருவருக்கும் பரோல் இல்லா ஆயுள். 2023இல் ஓர் ஆவணத் தொடரில், அந்தத் தந்தை தன்னையும் சிறுவயதில் வன்முறைக்கு ஆளாக்கினார் என்று ஒரு முன்னாள் பாடகர் சொன்னார். சகோதரர்களின் புதிய மனுவில் அது ஆதாரமாகச் சேர்ந்தது. 2024இல் நெட்ஃப்ளிக்ஸில் ஒரு கற்பனைத் தொடரும் ஓர் ஆவணப்படமும் அடுத்தடுத்து வந்து உலகமே பேசியது. 2025 மே மாதம் தண்டனை 50 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று மாறியது, பரோலுக்கு வழி திறந்தது. ஆகஸ்டில் பரோல் வாரியம் இருவரையும் மறுத்தது. வாரியம் பார்த்தவற்றில் ஒன்று, சிறைக்குள் விதிமீறி செல்போன் வைத்திருந்தது. திரையில் உருகவைத்தது எதுவும் அந்தக் கோப்பை அழிக்கவில்லை.

நடித்துக் காட்டும் மறு உருவாக்கக் காட்சிகள் கூடாதா?

வன்முறையை நடித்துக் காட்டத் தேவையில்லை. மூடிய கதவு போதும். இதைவிடப் பெரிய ஆபத்து டிரெய்லரும் தம்ப்நெயிலும். அவற்றை இயக்குநர் வெட்டுவதில்லை, விளம்பரப் பிரிவு வெட்டுகிறது. "அம்மாவைக் கொன்ற மகள்" என்று சிவப்பு எழுத்து அங்கிருந்துதான் வருகிறது. ஒப்பந்தத்திலேயே டிரெய்லருக்கும் அதே விதி என்று ஒரு வரி சேருங்கள்.

தமிழில் க்ரைம் யூடியூப் சேனல் நடத்துகிறோம். எங்களுக்கு எது பொருந்தும்?

இந்தியாவில் இதன் அடிப்படைத் தீர்ப்பே தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முயன்றபோது சிறைத்துறை தடுத்தது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களில் உள்ளவரை யாருடைய சம்மதமும் இல்லாமல் வெளியிடலாம், அதைத் தாண்டிப் போனால் அந்தரங்க உரிமையை மீறியதாகும், பின்விளைவுக்கு வெளியிட்டவர் பொறுப்பு. அதே தீர்ப்பு ஒரு விதிவிலக்கும் வைத்தது: பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது.

நம் கேள்விக்கு இதுதான் கொக்கி. தண்டனை பெற்ற பெண்ணே பாலியல் வன்முறைக்கும் ஆளானவர் என்றால்? குற்றவாளியாக அவர் பெயர் தீர்ப்பில் இருக்கும். பாதிக்கப்பட்டவராக அவர் பெயரைச் சொல்வது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுவரை தண்டனைக்குரியது. வயது வந்தவர் என்றால் அவரே எழுத்தில் அனுமதி தரலாம். வாய்ச்சொல், வாட்ஸ்அப் குரல் பதிவு எதுவும் வேண்டாம், காகிதத்தில் வாங்குங்கள். குழந்தை என்றால் போக்சோ 23ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும். பெயர் மட்டுமல்ல, பள்ளி, தெரு, உறவினர் பெயர் என அடையாளம் காட்டும் எதுவும் கூடாது. முகத்தை மங்கலாக்கிவிட்டு ஊர்ப் பெயரைச் சொல்லும் வீடியோக்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. எல்லாம் மீறல்தான்.

தமிழ் நீதிமன்ற மொழியில் இந்த விஷயத்துக்கு ஒரு பழைய பெயரும் உண்டு. நீண்ட காலக் கொடுமையில் ஒரு தாய் பிள்ளைகளோடு கிணற்றில் விழும் வழக்குகளை 'நல்லதங்காள் சிண்ட்ரோம்' என்று குறித்து, 'நீடித்த சினமூட்டல்' என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் ஏற்றது. கணநேரக் கோபம் மட்டுமே தண்டனையைக் குறைக்கும் என்ற பார்வை அங்கே தளர்ந்தது. இப்படிப்பட்ட வழக்கைப் பேசும் சேனல் "பெற்ற பிள்ளையைக் கொன்ற கொடூரத் தாய்" என்று தலைப்பு வைக்கும் முன், அந்தத் தீர்ப்பு வரிசையையாவது படிக்கலாம்.

பேட்டி கொடுத்தபின் மனம் மாறினால்?

பெரும்பாலான ஒப்பந்தங்களில் வழி கிடையாது. "எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும், உலகம் முழுவதும்" என்ற வரி இருந்தால் காட்சி, பேட்டி தந்த உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: படப்பிடிப்பு முடிந்து 30 நாளுக்குள் விலகும் உரிமை, பயன்படுத்தாத காட்சிகளை இன்னொரு தயாரிப்பாளருக்கு விற்கக் கூடாது என்ற தடை, ஒளிபரப்புக்கு ஒரு மாதம் முன் எழுத்து மூலம் தகவல். இரண்டாவதைத்தான் நிறுவனங்கள் கடைசிவரை எதிர்க்கும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.